திருமதி ஹிர்ட்டில்

“செவ்வாய்க்கிழமை கப்பல் வந்துருமாமே? சலவைக் கடைக்காரர் சொன்னார்” என்றாள் திருமதி ஹிர்ட்டில், வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டே.

இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள் லியோனி. தோளில் படிந்திருந்த பனியைத் தட்டிவிட்டு அடுப்பருகே போய் நின்றாள். “சலவைக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்டே. இந்த ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல எந்தக் கப்பல் எப்பக் கிளம்புது, எப்ப வருதுன்னு அட்மிரலுக்கு அடுத்தபடியா அந்த ஆளுக்குத்தான் தெரியும். கிளம்பறதுக்கு முந்தின நாள் கப்பல் பசங்க ஈரத் துணியா இருந்தாலும் குடுன்னு வாங்கிட்டு ஓடறாங்கல்ல? நீங்க கடற்படை ஆபீஸ்காரங்கதான் இந்த யுத்தம் வந்ததுலேர்ந்து ஊர் பூரா ‘வாயை மூடு, எதிரி கேக்குறான்’னு ஒட்டி வச்சிருக்கீங்க.”

லியோனி சிரித்து வைத்தாள்.

திருமதி ஹிர்ட்டிலின் ஒரே மகன் லோரன் மாலுமி. அட்லாண்டிக்கைக் கடக்கும் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போகும் காவல் கப்பலில் மூன்றாவது வருடம். லியோனி மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள். அவன் கடலில் இருக்கும்போது வீட்டில் இந்த இரண்டு பெண்கள்தான்.

லியோனிக்குத் துறைமுகத்துக் கடற்படை அலுவலகத்தில் வேலை. மேசை அகலத்துக்கு விரித்த வரைபடத்தில் கப்பலுக்கு ஒரு மரத்துண்டு இருக்கும். செய்தி வர வர அதை நகர்த்த வேண்டும். நாலு நாளைக்கு முன் லோரனின் கப்பலுக்கான துண்டை எடுத்துப் பெட்டியில் போட்டவள் அவள்தான். ஒருவரும் பிழைக்கவில்லை என்று தாளில் எழுதியிருந்தது. அரசாங்கமாக அறிவிக்கும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. பைபிளில் கை வைத்துச் செய்த சத்தியம்.

நாலு நாளாக அவள் அழவில்லை. எங்கே போய் அழுவது? மாடியில் அழுதால் கீழே கேட்கும். வாசல் நடையில் லோரனின் பழைய மழைக்கோட்டு தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அதன் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அவன் பெயரை அவன் தாய் நாளுக்கு நூறு தடவை சொல்வாள். ஒரே ஒரு தடவை தானும் அதை இந்த வீட்டில் உரிமையோடு சொல்ல வேண்டும் என்று லியோனிக்குக் கொள்ளை ஆசை. எங்கே சொல்வது? அவள் கத்தோலிக்கப் பெண், ஹிர்ட்டில் குடும்பம் புராட்டஸ்டன்ட். “ரோமன்காரியைக் குடிவைக்கலாம், குடும்பத்துல சேர்க்க முடியாது” என்று லோரனின் முகத்துக்கு நேராகவே சொன்னவள் திருமதி ஹிர்ட்டில்.

“நின்னுட்டே இருக்காதே. உக்காந்து சாப்பிடு.”

அன்று வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர் இறைச்சியை ஒதுக்கும் நாள். லியோனி இறைச்சி தொடமாட்டாள் என்று தெரிந்தே, வெள்ளி தவறாமல் சாசேஜ் வறுத்து வைத்து வம்பிழுப்பது அந்த அம்மாளின் வழக்கம். இன்றைக்குத் தட்டில் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் இருந்தன.

“என்ன இன்னிக்கு, எங்க பக்கம் சாஞ்சுட்டீங்க?”

“கறிக்கடையில ஒண்ணும் கிடைக்கல. பேசாம சாப்பிடு.” வெங்காயக் காரத்தில் அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து சர்க்கரைக் கிண்ணத்தை இறக்கினாள். ரேஷன் சர்க்கரை. மகன் வந்தால் கேக் செய்ய வேண்டுமென்று யாரையும் தொட விடாமல் சேர்த்து வைத்தது.

“இங்க பாரு, உன் சத்தியம் உன்னோடயே இருக்கட்டும். நீ வாயே திறக்க வேண்டாம். அவன் வருவான்னா டீயில சர்க்கரை போட்டுக்க. வரமாட்டான்னா வெறுமனே குடி. நான் பாத்துப் புரிஞ்சுக்கறேன்.”

“எனக்குச் சர்க்கரை பழக்கம் இல்லையே.”

“அதனாலதான் சொல்றேன்.”

லியோனி சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தாள். வெறுமனே குடித்தால் சத்தியம் போகும். அது போனால் போகிறது, இந்தத் தாயின் கடைசி நிம்மதியும் அல்லவா போகும்? அதோடு, செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு திறக்காதா, தொப்பியைக் கழற்றியபடி அவன் உள்ளே வரமாட்டானா, அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் தன் விரலைப் பிடித்து அழுத்தமாட்டானா என்று அவளுக்கே ஏங்கியது. ஒரு பொய்யில் அவன் இன்னும் நாலு நாள் உயிரோடு இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு ஸ்பூன் போட்டாள். போதாது போலத் தோன்றவே இன்னொன்றும் போட்டாள். கலக்கிக் குடித்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றாள் லியோனி. குரல் பாதியில் உடைந்தது.

திருமதி ஹிர்ட்டில் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள். மேசையைச் சுற்றி வந்து, லியோனியின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இதுவரை அவள் கையைக்கூடத் தொட்டதில்லை.

“அப்போ உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. எப்படிச் சொல்லப்போறேனோன்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். எத்தனை நாளா இதைத் தனியாத் தூக்கிட்டுத் திரியறே, பைத்தியக்காரப் பொண்ணே?”

லியோனி நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு… யார் சொன்னாங்க?”

ஏப்ரன் பையிலிருந்து பிரித்த தந்தி ஒன்றை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் அந்தத் தாய்.

“நேத்து சாயங்காலம் வந்துது. மேல ‘திருமதி ஹிர்ட்டில்’னு போட்டிருக்கவும் எனக்குத்தான்னு நெனச்சுப் பிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா. உள்ள ‘உங்கள் கணவர் லோரன்’னு எழுதியிருக்கு.”