கிருபாவின் சுருதி

“இது கிருபாவோட பாட்டு. ஸ்கேலை இறக்க மாட்டேன்,” என்றான் ஜெபசீலன். கழுத்திலிருந்து இடுப்பு வரை அக்கார்டியன் அவனை மறைத்திருந்தது. ஐந்து மாதம் பெட்டிக்குள் கிடந்ததில் கறுப்புக் கீகளின் மேல் படிந்த தூசி அப்படியே இருந்தது. வெள்ளைக் கீகள் மட்டும் தேய்ந்து பளபளத்தன.

பொழிச்சலூரில், சாலமோன் வீட்டு மாடியறையில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் கல்யாண ரிசப்ஷன். ஜெபசீலனின் மனைவி கிருபா மஞ்சள் காமாலையில் போன பிறகு மெல்லிசைக் குழுவுக்குக் கிடைத்த முதல் நிகழ்ச்சி. அவள் இடத்தில் பாட வேதா வந்திருந்தாள்.

ஜனங்கள் கேட்பது ஒரே பாட்டைத்தான். பழைய படத்து கிளப் டான்ஸ் பாட்டு. சோம்பலாகத் தொடங்கும், சரணத்தில் பாங்கோ தாளம் ஓட்டம் பிடிக்கும், உச்சிக்கு ஏறியதும் எல்லாம் சட்டென்று நின்று, ஒரு சிரிப்பு. அந்த உச்சியில் கிருபாவின் குரல் லேசாகக் கீறும். அங்கேதான் விசில் பறக்கும்.

வேதா மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் உச்சியில் இருமல்தான் வந்தது.

“ஏ மைனர் எனக்கு எட்டல சார். ஜி மைனர்ல வாசிங்க. ஒரு படிதானே?”

“இந்த ஸ்கேல்லதான் அவ நாலு வருஷம் பாடினா.”

“அவங்க பாடினாங்க. அதுக்கு என் தொண்டை கிழியணுமா?”

பாங்கோவை மடியிலிருந்து இறக்கி வைத்தான் குப்பன். “இன்னா அண்ணே, ஒரு படி எறங்குனா அண்ணி கோச்சுக்கப் போவுதா? பேஜார் பண்ணாத.”

“சும்மா இருடா,” என்றார் சாலமோன். குழு அவருடையது. “அந்தக் கீறல் இருக்கே, அதாண்டா கிளப் பாட்டு. இதைப் பாடினா ரெண்டு நாளைக்குக் கிருபாவுக்குப் பேச்சே வராது. அவ்வளவு உசிரைக் குடுப்பா. வேற எந்தப் பாட்டுக்கும் இவனை அக்கார்டியன் எடுக்க விடமாட்டா. ஒண்ணுக்கு மட்டும் வாசிச்சாத்தான் மவுசுன்னுவா.”

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

“ஆனா ஜெபா,” என்றார் சாலமோன், “ஞாயித்துக்கிழமை பாடப்போறது வேதா. இறக்கி வாசி. இல்லேன்னா அசரியாவைத்தான் வாசிக்கக் கூப்பிடணும். அவன் மச்சான் துபாய்லேர்ந்து கீபோர்டு கொண்டாந்திருக்கான். பட்டனை அமுக்கினா எந்த ஸ்கேலுக்கும் போகுதாம்.”

மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் ஜெபசீலன் ஓரமாக நின்று டாம்பரின் தட்டுகிறவன். இதுவும் போனால் குழுவில் அவனுக்கு இடமில்லை. குழுவை விட்டால் தாம்பரத்தில் பூட்டிய வீடு. அதைத் திறக்கத்தான் அவனால் முடியவில்லை. இரவு பத்தானாலும் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

“கூப்பிடுங்க,” என்றான்.

 சாலமோன் தெருமுனைக் கடைக்கு போன் பண்ணப் போனார். பீடிக்காகக் குப்பனும் பின்னாலேயே இறங்கினான்.

ஜெபசீலன் எழுந்தான். போக முடியவில்லை. தோள்வார்களை இணைக்கும் கொக்கி முதுகுப் பக்கம். அதை மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் கிருபாதான். இன்றைக்குக் குப்பன் மாட்டிவிட்டிருந்தான். கை எட்டாமல் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினான்.

“இருங்க சார்.” வேதா கொக்கியை விடுவித்தாள். கனத்தை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தாள். கீகளின் மேல் பட்ட விரல்களில் தூசி ஒட்டியது.

அவள் விரல்களைப் பார்த்தாள். கீகளைப் பார்த்தாள். சண்டை போட்ட குரல் இப்போது இல்லை.

“அவங்களுக்கு மட்டும் எப்படி சார் எட்டுச்சு?”

அவன் மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“அவளுக்கும் எட்டலம்மா. எனக்குக் கறுப்புக் கீ வராது, இந்த ஒரு ஸ்கேல்தான் வாசிக்கத் தெரியும்.”