கரையில் நின்றவர்

கதவைத் திறந்ததும் டெல்பர்ட் குவாம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மார்லிஸ், இன்னைக்கு உயிர் போச்சுன்னா எங்க போவீங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

ஒரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கேள்விதான். கையில் இரட்சிப்பைப் பற்றிய துண்டுப்பிரசுரம்.

வாரத்தில் ஐந்து நாள் வீடு வீடாகப் போய், வாசல் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் லாரி அவருடையது. ஆறாவது நாள் அதே வீடுகளுக்கு நரகத்தைப் பற்றிச் சொல்ல வருவார். அவர் தலையைக் கண்டதும் பலர் திரையை இழுத்துவிடுவார்கள். நான் பிரசுரத்தை வாங்கி, அவர் கண்முன்னாலேயே விறகடுப்பில் போடுவேன்.

அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "அடுத்த வாரம் வேற ஒண்ணு கொண்டு வர்றேன்" என்பார்.

அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. ஓரின் போய் அன்றோடு ஒரு வருடம்.

மார்ச் மாதத்தில், உறைந்த ஏரியின் பனித்தளம் உடைந்து, பனிவண்டியோடு உள்ளே போய்விட்டார் என் கணவர். முப்பத்தெட்டு வருடம் அதே ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தவர்.

"செத்த வீட்டுல வந்து ஆள் பிடிக்கிறீங்களே, நல்லா இருக்கா?" என்று கத்தினேன். "நாங்க லுத்தரன் சபை, எனக்கும் ஞானஸ்நானம் ஆயிருக்கு. உங்க சபைக்காரங்களுக்கு அது போதாதுன்னா நான் நரகத்துக்கே போறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வரலாமா என்று கேட்டார். இதற்கு முன் கேட்டதே இல்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்தார். நான் ஊற்றிய காபியைத் தொடவில்லை.

"அன்னைக்குக் காலையில நான் கரையில இருந்தேன், மார்லிஸ்."

இது எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது.

கேஸ் நிரப்பிவிட்டு ஏரிக்கரைச் சாலையில் லாரியை நிறுத்தியிருக்கிறார். ஓடை வந்து ஏரியில் கலக்கும் இடத்தில் பனித்தளம் கறுத்துக் கிடந்திருக்கிறது. அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கி, பனி மெலிந்துபோனால்தான் அப்படிக் கறுக்கும். ஓரினின் வண்டி அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருக்கிறது.

"கையத் தூக்கினேன். ஓரினும் பதிலுக்குக் கைய ஆட்டினான். நான் சும்மா கை காட்டுறேன்னு நெனச்சிட்டான்."

அவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கத்தியிருக்கணும். ஹாரன அடிச்சிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு, மார்லிஸ். முழுங்கிட்டேன். இத்தன வருஷம் மீன் பிடிக்கிறவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு லாரியில ஏறிட்டேன். மத்தியானம்தான் சேதி வந்துச்சு."

"ஏன் கத்தல?" என்றேன்.

அவர் கண்கள் மேசைவிரிப்பின் கட்டங்களுக்கு இறங்கின.

"வெக்கம்" என்றார். "பாதிரியார் மறுபடியும் பயமுறுத்த வந்துட்டார்னு சிரிப்பானேன்னு ஒரு வெக்கம். அவ்வளவுதான்."

ஓரின் சிரிக்கக்கூடியவர்தான். டெல்பர்ட்டுக்குப் பாதிரியார் என்று கேலிப் பெயர் வைத்ததே அவர்தான். "என்ன பாதிரியாரே, நரகத்துல இன்னைக்கு எத்தன டிகிரி? இங்க விரல் விறைச்சுப் போகுது, கொஞ்சம் சூட்ட இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லுங்க" என்று பெட்ரோல் பங்கில் வைத்தே கேட்பார். டெல்பர்ட்டும் கூடச் சிரிப்பார்.

"அதுக்கப்புறம் எந்த வீட்டுக் கதவப் பாத்தாலும் அந்தக் கறுத்த பனிதான் தெரியுது. சிரிக்கட்டும். நாய அவுத்து விடட்டும். அடுப்புல போடட்டும். இன்னொரு தடவ என்னால வாய மூடிக்கிட்டு நிக்க முடியாது."

தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுற்றினார்.

"என்னை மன்னிக்க முடியுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். கை இரண்டையும் மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை.

"மன்னிச்சுட்டேன், டெல்பர்ட்."

அந்தப் பெரிய மனிதர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி சாலைத் திருப்பத்தில் மறையும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான்.

ஓரின் இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. எந்தச் சபையாக இருந்தாலும் அதற்கு ஊரே வந்துவிடும். டெல்பர்ட் எங்கள் மேசைக்கு வந்து, ஓரினின் தோளைத் தொட்டு, ஆத்துமாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டினேன்.

"இனிமே என் புருஷன எதுக்கும் எச்சரிக்கக் கூடாது. ஒரு வார்த்த கூடாது. இங்க, எல்லாரும் கேக்க, வாக்குக் குடுங்க."

கூடமே சிரித்தது. ஓரின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

டெல்பர்ட்டின் காது வரை சிவந்துவிட்டது. தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"சரி, மார்லிஸ்" என்றார். "வாக்குக் குடுக்கறேன்."