கோலாப்பூரே போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை. புனே வீட்டுச் சமையலறையில் மிஹிர் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி எந்தெந்த ஊரில் நடக்கிறது என்று அவன் மனைவி அஸ்வினி செல்போனில் பார்த்து வாசித்தாள்.

“கோவாவுக்கே பேர் கொடுத்துடலாம், மிஹிர். கடல் என்ன அழகு!”

“நீ நீச்சல் கத்துக்கிட்டே எட்டு மாசம்தான் ஆகுது. அலை புரட்டிப் போட்டுடும். கோலாப்பூரே போதும். ஏரித் தண்ணி அசையாது.”

“ரத்னகிரி கடல்ல நீந்தி வளர்ந்தவன் நீ. எனக்காக ஏன் விட்டுக்கொடுக்கறே?”

“நீ பதறினா என் போட்டியும் போச்சு. சுயநலம்தான்!”

அஸ்வினி அவன் மூக்கில் மாவைப் பூசிவிட்டு, கோலாப்பூருக்கு இருவர் பெயரையும் பதிவு செய்தாள்.

போட்டியன்று ஏரிக்கரையில் அவள் எதிர்க்கரையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

“அக்கரை ரொம்ப தூரமாத் தெரியுது, மிஹிர்.”

“மெதுவாவே போகலாம். நான் பக்கத்துலதானே இருக்கேன்.”

அவள் ஒரு கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையை அவன் இடுப்பிலும் கட்டினாள். அவன் முதுகில் ‘பார்வையற்ற வீரர்’ என்றும் அவள் முதுகில் ‘வழிகாட்டி’ என்றும் எழுதியிருந்தது.

நடு ஏரியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் மல்லாந்து மிதந்தபடி காத்திருந்தான். பிறகு இருவரும் சேர்ந்தே கரையேறினார்கள்.

“நமக்குப் பின்னால எத்தனை பேர் வர்றாங்க?” என்று கேட்டான் மிஹிர்.

“இருபது பேர் இருக்கும்.”

“கண்ணு தெரியாதவன்னு கதை விடாதே.”

அஸ்வினி சிரித்துவிட்டாள். “சரி, ரெண்டு பேர்.”

“அட, ரெண்டு பேரை முந்திட்டோமா! சீக்கிரம் நம்ம ரெட்டை சீட்டு சைக்கிள்கிட்டே கூட்டிட்டுப் போ!”