நாலாவது கைக்குட்டை

மத்தியானம் என் மகளைத் தூங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு வயதுதான், ஆனால் அவள் வைத்ததுதான் சட்டம். முதலில் பொம்மைகள் தூங்க வேண்டும். கரடி, வாத்து, மர ரயில் மூன்றையும் தரையில் படுக்க வைத்து, ஆளுக்கொரு கைக்குட்டை போர்த்துவோம். அந்தச் சாக்கில் எண்ணவும் சொல்லிக்கொடுப்பேன்.

இன்று நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முடித்ததும், "நாலு" என்றாள்.

"நாலு இல்லடா கண்ணு, மூணுதான்."

அவள் என் பேன்ட் பையிலிருந்த கைக்குட்டையை உருவினாள். ரயிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் விரித்து, அதைத் தட்டிக்கொடுத்தபடியே தூங்கிப்போனாள். தூக்கிக் கட்டிலில் போட்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மனைவி, "ஏங்க, இதையெல்லாம் எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். கடைசிக் கைக்குட்டைக்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மின்விசிறி ஓடவில்லை. கைக்குட்டையின் நடுப்பகுதி மெல்ல எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுப்பிடாத," என்றேன் ரகசியமாக. "ரொம்ப நேரம் அழுதுச்சு. இப்பதான் கண்ணசந்திருக்கு."