மைத்துனனின் கைராசி

மீட்டர் 'கீ...' என்று அலறியது.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு வருஷமாக அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர் மட்டும் திரும்பவில்லை. அலறியது தன் மேஜையில் இல்லை என்பது அவர் முதுகுக்கே தெரிந்துவிட்டது.

"மாமா, என் தகட்டுல கரண்ட் பாயுது மாமா!"

மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைச் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவரே அவர்தான். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் தகடு. பிசினில் கார்பன் நானோ குழாய்களைக் கலந்து இறுக வைத்தது. பிசின் மின்சாரத்தை விடாது. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய அந்தக் குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் மின்சாரத்துக்கு வழி.

அவருடைய தகடுகளில் அவை தொட்டதே இல்லை.

"ஒயரை ஒட்டின வெள்ளிப் பசை ஓரத்துல வழிஞ்சிருக்கும்டா. கரண்ட் அது வழியா போகுது."

உப்புத்தாளை எடுத்து நான்கு ஓரங்களையும் அவரே தேய்த்தார். தேவைக்கு மேலேயே தேய்த்தார்.

மீட்டர் மறுபடியும் அலறியது.

போகட்டும், வெப்பம் இருக்கிறதே! மின்சாரம் குழாய்கள் லேசாகத் தொட்டாலே ஓடிவிடும். வெப்பம் அப்படியில்லை. குழாயும் குழாயும் சந்திக்கிற இடத்திலெல்லாம் தயங்கி நிற்கும். தகட்டின் ஒரு முனையைச் சூடான மேடையில் வைத்துவிட்டு, மறுமுனையில் விரலை வைத்தார். சுடாதே, சுடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

சுட்டது.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். கூடத்தின் தலைவி. இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை, யார் தகடு முதலில் பேசுகிறதோ அவருக்கு என்று சொல்லியிருந்தவர்.

தகட்டில் ஒரு சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நூல்கண்டு அவிழ்ந்து கிடப்பதுபோலக் குழாய்கள் நீளநீளமாகக் கிடந்தன.

"எவ்வளவு நேரம் கலக்கினே?"

"மாமா சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு மணி நேரம் மேடம். மிஷினைப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "அதே ஒரு மணி நேரம்தான் சார். உங்களுது மட்டும் தூள்தூளா ஒடஞ்சு கெடக்கு."

பிறகு மைத்துனனிடம், "நாளைக்கு நமக்குப் பணம் தர்ற கம்பெனிக்காரங்க முன்னாடி இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு காட்டு. வந்துடுச்சுன்னா வேலை உனக்கு" என்றார்.

அவருக்கு மூச்சு வந்தது. நாளைக்கு வராது. ஒரு மணி நேரம் கலக்கினால் குழாய்கள் ஒடிந்துவிடும், எவனுக்கும் வராது என்று இப்போது அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஒரு நாளைத் தள்ளினால் போதும். பையன் எல்லோர் முன்பும் அசடு வழிவான். வேலை தானாகத் தன் பக்கம் வரும்.

வாயை இறுக மூடிக்கொண்டார்.

"சில பேருக்குக் கை அப்படி. என்ன செய்யறது சார், உங்களுக்கு அமையலை" என்றார் மேடம், ஆறுதலாக.

அதையும் விழுங்கினார்.

மைத்துனன் அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவள் போட்ட கூச்சல் மீட்டரைத் தோற்கடித்தது.

"எனக்குத் தெரியும்டா! சின்ன வயசுலேர்ந்தே நீ கைராசிக்காரன். உங்க மாமாவும் ஏழு வருஷமா கிண்டறாரு, என்னத்தைக் கண்டாரு? அவர்கிட்ட போனைக் குடு, கொஞ்சம் உன்கிட்ட கத்துக்கச் சொல்றேன்!"

கூடமே சிரித்தது. மேடமும்.

அவர் போனைப் பிடுங்கினார்.

"கைராசியாம் கைராசி! சரியா கலக்காம நாசமா போகட்டும்னு, இவன் சாப்பிடப் போன பத்தாவது நிமிஷமே மிஷினை நிறுத்தினவன் நான்டி!"