கொஞ்சம் மேலே

மான் சாமைக் கொல்லைக்குள் இறங்கிவிட்டது.

பரண் மேல் இரண்டு பேர். குத்துக்காலிட்டு அவன், கொல்லைக் காவலாள். நின்றபடி தோட்ட முதலாளியின் மகன், சின்னவர்.

விடிந்தும் விடியாத நேரம். பனி ஏறிய கதிர்கள் தலை கவிழ்ந்து கிடந்தன. கொம்பு வைத்த ஆண்மான். ஒரு வாய் மேய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி மேய்ந்தது.

சின்னவர் வில்லை எடுத்தார். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். டவுனிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. குறி பார்க்க அதில் மூன்று பொட்டு.

இது ஐந்தாவது நாள். நாலு நாளும் அம்பு முதுகுக்கு மேலே ஒரு சாண் தாண்டிப் போய் மண்ணில் குத்தியது. நாலு நாளும் மான் பிழைத்தது.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். உயரத்திலிருந்து விடுகிற அம்பு, கண் வைத்த இடத்துக்கு மேலேதான் போகும். குறியைத் தாழ்த்த வேண்டும். அதுவும் கையைத் தாழ்த்தி அல்ல. இடுப்பை மடக்கி.

நாலு நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பரணுக்குக் கீழே ஒரு மான் செத்துக் கிடந்தது. அம்பை விட்டது சின்னவரின் அப்பா பெரியவரோடு வந்த விருந்தாளி. வனத்துறை அதிகாரி காயத்தில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி சரிந்து நின்றது. மேலிருந்து இறங்கிய அம்பு என்றார். பரணில் காவல் இருப்பது யார் என்று கேட்டார்.

வேறு எதுவும் கேட்கவில்லை.

மண் உருண்டை வைத்துக் கிளி ஓட்டுகிற மூங்கில் வில் ஒன்று பரணில் தொங்கியது. அவனுடையது. அது போதுமாக இருந்தது.

ஏழு மாசம் ஜெயில்.

அந்த ஏழு மாசத்தில் அவன் பெண்சாதி உண்ணாமலை தனியாக விறகு சுமந்தாள். சரிவில் விழுந்தாள். முறிந்த இடுப்பெலும்பு ஒன்றுசேரவே இல்லை. இப்போது அவன் கை கொடுத்தால்தான் எழுந்து உட்காருகிறாள்.

இன்னொரு கேஸ் என்றால் வருஷக்கணக்கு. வெளியே விடும்போதே அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வந்ததும் வேறொரு மூங்கிலை வளைத்துப் பரணில் மாட்டிக்கொண்டான். கிளி, கேஸைப் பார்த்தா வருகிறது.

"யோவ்." சின்னவர் திரும்பாமலே கிசுகிசுத்தார். "எங்க வெக்கிறது?"

அவனுக்குத் தன்னைத்தான் கேட்கிறார் என்பதே உறைக்கவில்லை.

சின்னவர் அவன் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. ஓடை வழியே ஜீப்பை விடாதீங்க என்றான். விட்டார். சேற்றிலிருந்து தள்ள ஆறு பேர் வேண்டியிருந்தது. சென்ட் அடித்துக்கொண்டு பரண் ஏறாதீங்க என்றான். இப்போதும் மணத்தது.

ஆனால் இன்றைக்கு அவராகக் கேட்டார்.

அவன் மானைப் பார்த்தான். சரிவில் இருந்த குடிசையைப் பார்த்தான். புகை இல்லை. அவன் போய் எழுப்பி உட்காரவைத்தால்தான் அடுப்பு எரியும்.

"இன்னும் கொஞ்சம் மேல வைங்க, சின்னவரே. முதுக ஒட்டுனாப்புல."



சின்னவர் நாணை இழுத்தார். சக்கரம் உருண்டது. வில் மெல்ல மேலே ஏறியது.

அவனுக்கு மூச்சு வந்தது.

வில் நின்றது.

சின்னவர் ஓரக்கண்ணால் அவனை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு. வில் கீழே இறங்கியது. பரண் கம்பில் தொடை முட்டி, இடுப்பு தானாக மடங்கியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மான் நாலு எட்டு ஓடியது. அப்புறம் அந்த இடத்தில் சாமை படுத்தது.

"பாத்தியா?" சின்னவர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ மேலன்ன. நான் கீழ எறக்கிட்டேன். உன் பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கும் மண்ணுதான்யா."

கீழே என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் மான் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஏணியில் இறங்கினான். இழுத்துப் போடுகிற வேலை அவனுடையது.

மானின் கண் திறந்தே இருந்தது. வாயில் பாதிக் கதிர். அம்பு ஒரு பக்கம் மேல் விலாவில் நுழைந்து, மறுபக்கம் கீழ் விலாவில் வெளியே வந்திருந்தது.

குச்சி விட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

சின்னவர் பரணிலிருந்து எட்டிப் பார்த்தார். சக்கர வில் பெட்டிக்குள் போயிருந்தது. கையில் அவனுடைய மூங்கில் வில். நாணை ஒரு தரம் சுண்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினார்.

"யாராச்சும் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

சரிவில் உண்ணாமலை கூப்பிட்டாள். எழுப்பிவிடச் சொல்லி.

அந்தக் குடிசை நிற்பதும் சின்னவர் வீட்டு நிலத்தில்தான்.

"நான்தாங்க."

சின்னவர் தலையாட்டினார்.

இத்தனை நாளில் அவன் சொன்னது அவர் காதில் ஏறியது அப்போதுதான்.

உண்ணாமலை இன்னொரு தரம் கூப்பிட்டாள்.