கருணை அடிப்படையில் ஒரு வேலை

"வூடு தேடி வர்ற கவர்மென்ட் வேலைய வேணாம்னு சொல்றவ, இந்த ஆவடியிலயே நீ ஒருத்திதான் ஃபெபி!"

வேப்பம்பட்டிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருந்த கிறிஸ்துராஜ் மாமா, காபியைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸின் சின்னக் கூடத்தில் ஃபெபி அவர் எதிரே நின்றாள். அம்மா ஞானகுமாரி தரையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேன் மாமா."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. போன குரூப் ஃபோர்ல நாலு மார்க்ல கோட்ட வுட்டவதான நீ?"

"நாலரை. சரியா சொல்லுங்க."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவின் தொழிற்சாலையிலேயே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விண்ணப்பத்தோடு எந்தச் சான்றிதழை வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"நல்லா கேட்டுக்க. கருணை வேலைக்கு ரூல் இன்னா தெரியுமா? சர்வீஸ்ல இருக்கசொல்ல நடந்தாதான் வேலை. ரிடயர் ஆன மறுநாள் நடந்தாகூட ஒண்ணும் கெடையாது. மச்சானுக்கு இன்னும் அஞ்சு மாசம் சர்வீஸ் பாக்கி கீது. அதுக்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்."

'நடந்தா.' மாமா அந்தச் சொல்லை வைத்து எதைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்பதை ஃபெபி கவனித்தாள். ஒரு வாரமாக இந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

"ஸ்தோத்திரம் சொல்ற விஷயமா மாமா இது?"

அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது. மாமா பேசுவது ஃபெபிக்குக் கோபத்தை மட்டும்தான் தந்தது. அம்மாவின் மௌனம்தான் அவளைப் பயமுறுத்தியது. அம்மாவும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால், அந்தக் கணக்கை மகளுக்காகத்தானே போட்டிருப்பாள்?

"நீ எழுதற பரிச்சைக்கு வர்ற கூட்டத்தப் பாத்துகினுதான கீற? ஒவ்வொரு சென்டர் வாசல்லயும் சபை கன்வென்ஷனுக்கு வந்தாப்புல நிக்கறானுங்க. அதுல நீ எந்த மூலைக்கு? இதுவானா நேரா சீட்டு. கையில டிகிரி கீது. அப்பனோட செக்‌ஷன்லயே போட்டுருவாங்க."

"சௌம்யாவைப் போட்ட மாதிரியா?"

பக்கத்து பிளாக் சௌம்யாவுக்குப் போன வருடம் அப்படித்தான் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று வீடு வீடாக இனிப்பு கொடுத்தாள். கொடுக்கும்போது யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அந்த மைசூர்பாகை ஃபெபியால் விழுங்க முடியவில்லை.

"சரி மாமா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபை ஹால்ல பசங்களுக்கு வழி காட்டறீங்களே, அங்க என்ன சொல்வீங்க?"

"இன்னா சொல்வேன்? பழைய கொஸ்டின் பேப்பர எட்து போடு, சிலபஸ வரி வரியா படி, கடைசித் தேதி வரைக்கும் காத்துகினு இருக்காதம்பேன்."

"இன்னொண்ணு சொல்வீங்களே. எவன் தயவும் இல்லாம வாங்கின நாற்காலியிலதான் நிமிர்ந்து உக்கார முடியும்னு."

"அது ஊரான் பசங்களுக்கு! நீ என் தங்கச்சி பொண்ணுடீ!"

ஃபெபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

"குவார்ட்டர்ஸ காலி பண்ண சொன்னா எங்க போவீங்க? வானகரத்துல வாடக இன்னா தெரியுமா? ஞானம், நீயாவது சொல்லேன்."

அம்மா அடுத்த காயைக் கையில் எடுத்தாள். ஃபெபி அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள். கீழே ஒரு கையெழுத்துக்கான இடம் ஒரு வாரமாகக் காலியாக இருந்தது. அம்மா போடவும் இல்லை, போடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. இன்றுதான் கடைசி நாள்.

"ஏய், அவசரப்படாத! அதுல கையெழுத்து வச்சியானா வந்த வேலைய நீயே தொரத்தி வுட்ட மாரி."

"தொரத்தத்தான் போறேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில ரெண்டு வருஷம் உக்காந்து படிச்சவ நான். இன்னும் ரெண்டு வருஷம் உக்காருவேன். அந்த நாலரை மார்க்கை நான் தேடி எடுத்துக்கறேன் மாமா. இப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் தர வேணாம்!"

பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி, தன் முழுப் பெயரையும் எழுதினாள். ஆனாலும் எழுத்து கோணவில்லை.

அம்மா தடுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வாரமாகச் சுமந்ததை யாரோ இறக்கி வைத்ததுபோல அவள் தோள்கள் குலுங்கின.

ஃபெபி உள் அறையின் திரையை விலக்கினாள்.

"அப்பா, எழுந்திரிங்க. உங்க ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. பண்ணாட்டிதான் அஞ்சு மாசம் தாங்காது, பண்ணா பொழச்சுக்குவீங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரே. மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "மாமாமேல கோவப்படாத பாப்பா. உங்கிட்ட இப்படிப் பேசச் சொன்னதே நான்தான்."